நீலப் பொட்டு வைத்த குச்சிகள்

மார்ச் 4, செவ்வாய்

இன்று மூன்று தடவை கலக்கினோம். மூன்றும் ஒழுங்காக இறுகின. செயற்கை மூட்டை எலும்பில் பொருத்தும் இந்த எலும்பு சிமெண்ட் எப்போதும் ஒரே மாதிரிதான்: பொடியும் திரவமும் சேர்ந்ததும் முதலில் கூழ், பிறகு பிசைந்த மாவு, பிறகு கை வைக்க முடியாத சூடு, பிறகு கல். எல்லாம் கால் மணி நேரத்துக்குள். இத்தனை வருடம் பார்த்தும் அந்தச் சூடு ஏறும் நேரத்தில் அச்சை விட்டுக் கண்ணை எடுக்க முடிவதில்லை.

வழக்கமான சிமெண்ட்டில் செய்த சோதனைப் பட்டைகளுக்கு அடையாளம் எதுவும் இல்லை. வலுவாக்க நானோ துகள் சேர்த்த பட்டைகளுக்கு ஓரத்தில் நீலப் பொட்டு. பொட்டு வைப்பது என் வேலை. துகளைத் தயாரிப்பது எதிர்மேசைக்காரர். கண்ணுக்குத் தெரியாத பொருளைச் செய்பவர் என்பதால் ஆய்வகத்தில் அவருக்குத் ‘துகள்’ என்றே பெயர். ஆள் தொண்ணூறு கிலோ.

வீட்டுக்குள் நுழைந்ததும் நாத்தனார் மூக்கைப் பொத்திக்கொண்டார். “வந்துட்டா நகப்பூச்சு கம்பெனி.” அந்தத் திரவத்தின் வாடை சோப்புக்கு அடங்காது. நாத்தனார் என் கணவரின் அக்கா. தொலைபேசி நிலையத்தில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்று எங்களோடு இருக்கிறார். குரல் இன்னும் நிலையத்தில்தான் இருக்கிறது.

கழித்த பட்டைகளை அவ்வப்போது அவருக்குக் கொண்டுவந்து கொடுப்பேன். விரல் நீளம், வழுவழுவென்ற வெள்ளைப் பட்டை. பால்கனித் தொட்டிகளில் செருகி அதில் செடியின் பெயரை எழுதி வைப்பார். புதினா. தக்காளி. மிளகாய்.

இன்று தொட்டிப் பக்கம் போகும்போது சுவரைப் பிடித்துக்கொண்டே போனார். நான் பார்த்ததை அவரும் பார்த்தார்.

“என்ன பாக்கறே? சுவர் விழுந்துடாம பிடிச்சுக்கிட்டு போறேன்.”

மார்ச் 11, செவ்வாய்

எலும்பு மருத்துவரிடம் போய்வந்தோம். பதினான்கு வருடத்துக்கு முன் நாத்தனாருக்கு இடுப்பு மூட்டு மாற்றியவர் ஓய்வு பெற்றுவிட்டார். இவர் புதியவர், குறைவாகப் பேசுகிறவர். எக்ஸ்ரேயை வெளிச்சப் பலகையில் மாட்டி, தொடை எலும்புக்குள் இறங்கியிருக்கும் உலோகத் தண்டைப் பேனாவால் காட்டினார். தண்டைச் சுற்றி வெள்ளையாக சிமெண்ட் உறை. அதன் நடுவே மயிரிழை போல ஒரு கருங்கோடு.

“சிமெண்ட் விரிசல் விட்டிருக்கு. தண்டு ஆடுது. ஆட ஆட உள்ளே எலும்பைத் தேய்க்கும். எடுத்துட்டு மறுபடி பொருத்தணும். ரொம்பத் தள்ளிப் போடாதீங்க. எலும்பு போச்சுன்னா எதுல பிடிச்சு நிக்கும்?”

நாள் குறித்துக் கொடுத்தார்கள். ஏப்ரல் நடுவில்.

வெளியே நடையில் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு நாத்தனார் என்னைப் பார்த்தார். “ஏம்மா சயின்டிஸ்ட்டு, என் உள்ளே உடைஞ்சிருக்கிறது நீ தினம் பிசையற அதே சாமான்தானே?”

“அதே வகைதான் அண்ணி.”

“நீ உடையாத மாதிரி புதுசா பண்றேன்னு தம்பி சொன்னான். அதுல போடச் சொல்லேன்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. வலியில் இருப்பவரிடம் நடைபாதையில் வைத்து என்ன விளக்குவது? “பார்க்கலாம் அண்ணி” என்றேன்.

மார்ச் 12, புதன்

‘முடியாது’ என்று சொல்ல மனமில்லாதவர்கள் கண்டுபிடித்த சொல் ‘பார்க்கலாம்’. கேட்கிறவர் காதில் அது ‘சரி’ என்று விழும். நேற்றே மாற்றிச் சொல்லியிருக்க வேண்டும்.

மார்ச் 27, வியாழன்

களைப்புச் சோதனையின் முதல் முடிவுகள் வந்துவிட்டன.

உடம்புச் சூட்டில் உப்புநீர். அதற்குள் பட்டையை மாட்டி, இயந்திரம் வளைக்கும், விடும், வளைக்கும், விடும். ஒரு ஆள் பல வருடம் நடக்கும் நடையைச் சில வாரத்தில் நடந்து முடிக்கும். ஒரே அடியில் உடைக்க எவ்வளவு பலம் வேண்டும் என்பது பெரிய விஷயமில்லை. இடுப்பில் யாரும் சுத்தியலால் அடிப்பதில்லை. திரும்பத் திரும்ப வரும் சின்னச் சுமையில் எப்போது களைத்து விரிகிறது என்பதுதான் கேள்வி.

பொட்டு வைத்த பட்டைகள் வழக்கமான பட்டைகளைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு தாங்கியிருக்கின்றன!

துகள் தன் வயிற்றைத் தடவிக்கொண்டு, “நான் சொன்னேன்ல? என் பிள்ளைங்க தாங்கும்” என்றார். மேடம் (எங்கள் தலைவர்) வரைபடத்தை இரண்டு முறை பார்த்தார், மூன்றாம் முறை கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். செயற்கை மூட்டு செய்யும் நிறுவனத்துக்காரர்களை ஜூனில் வரச் சொல்லப்போகிறாராம்.

வீட்டில் சொன்னேன். நாத்தனார் முதலில் சொன்னது: “சிமெண்ட்டுக்கே களைப்பு வருதுன்னு ஒரு இயந்திரம் வச்சுப் பாக்கறீங்க. வீட்ல இருக்கிற மனுஷிக்குக் களைப்பு வந்தா மட்டும் சும்மா படுத்திருக்கீங்கன்னு சொல்றீங்க.”

ஆனால் முகத்தில் வெளிச்சம். அதைப் பார்த்து நானும் சந்தோஷப்பட்டேன். ஏன் படக்கூடாது?

ஏப்ரல் 8, செவ்வாய்

மருத்துவமனையிலிருந்து கணவரின் மூக்குக்கண்ணாடிக் கடைக்குத் தொலைபேசி. ‘உங்கள் அக்கா அறுவைச் சிகிச்சைத் தேதியை ரத்து செய்துவிட்டார்கள், வேறு தேதி வேண்டுமா?’ என்று. அவர் கடையைப் பூட்டிவிட்டு வந்துவிட்டார்.

“யாரைக் கேட்டு ரத்து பண்ணே அக்கா?”

“என் இடுப்பை நான் ரத்து பண்ண யாரைக் கேக்கணும்?”

பிறகு என் பக்கம் திரும்பி, ஏதோ தேர்வு முடிவு சொல்வது போல: “உன் சிமெண்ட் இரண்டு மடங்கு தாங்குதுன்னு நீதானே சொன்னே. அது வரட்டும். அதுல போட்டுக்கறேன்.”

சொன்னேன். எல்லாம் சொன்னேன். ஆய்வகத்தில் தாங்கினால் போதாது அண்ணி, பிறகு விலங்குகளில் பார்க்கணும், பிறகு கொஞ்சம் பேரிடம், பிறகு அனுமதி, வருஷக்கணக்கில் ஆகும். கேட்டுக்கொண்டே இருந்தார். முடிவில், “முன்னாடியெல்லாம் வெளியூருக்கு ஒரு ட்ரங்க் கால் போட்டா லைன் கிடைக்க ராத்திரி ஆகும். காத்திருக்கத் தெரியாதவங்களைத்தான் நான் வாழ்நாள் பூரா சமாளிச்சிருக்கேன். எனக்குக் காத்திருக்கத் தெரியும்” என்றார்.

நாத்தனார் குளிக்கப் போனபோது கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் மட்டும் வந்தது. இது தொலைபேசிக் குரல் இல்லை.

“பழசையே போட்டு அதுவும் விரிஞ்சுடுச்சுன்னா? அப்ப எனக்கு எழுபத்தஞ்சு. மூணாவது தடவை யார் என்னை அறுப்பாங்க, சொல்லு.”

 

ஏப்ரல் 9, புதன்

வருடங்களைக் குறைக்க என்னால் முடியாது. வாரங்களைக் குறைக்க முடியும். இரண்டாவது இயந்திரத்தையும் எங்களுக்கே விடும்படி மேடத்திடம் கேட்டு வாங்கிவிட்டேன். பட்டை வார்ப்பது இனி வாரத்தில் நான்கு நாள். இது நாத்தனாருக்காக என்று என்னிடமே சொல்லிக்கொள்கிறேன். அவருக்கு இது எட்டாது என்றும் தெரியும். தெரிந்தும் செய்கிறேன். சரி, செய்.

ஏப்ரல் 24, வியாழன்

நாத்தனார் இப்போது சமையலறைக்கு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வருகிறார். “நடைவண்டி” என்கிறார் அதை.

மே 3, சனி

 நிதானமாக எழுத வேண்டும்.

காலையில் பால்கனியில் உட்கார்ந்து நாத்தனார் தக்காளி நாற்றைப் பெரிய தொட்டிக்கு மாற்றிக்கொண்டிருந்தார். நேற்று கொண்டுவந்த பட்டைப் பொட்டலத்தைக் கொடுத்தேன். மடியில் கொட்டிப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார்.

“ஏம்மா, எல்லாம் பொட்டு வச்சதாவே கொண்டாந்து தர்றியே. பொட்டு தண்ணி பட்டா ஒழுகுது. பேர் எழுத இடமும் பத்தல. ‘தக்காளி’ன்னு எழுதினா ‘தக்கா’ங்குது. பொட்டு வைக்காததா நாலு கொண்டாயேன்.”

“அது அவ்வளவா வராது அண்ணி” என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

ஏன் அவ்வளவாக வராது?

இரண்டு வகையையும் ஒரே எண்ணிக்கையில்தான் வார்க்கிறோம். பிறகு ஒவ்வொரு பட்டையையும் எக்ஸ்ரேயில் வைத்துப் பார்ப்போம். உள்ளே குறிப்பிட்ட அளவுக்கு மேல் காற்றோட்டை இருந்தால் அதைச் சோதனைக்கு எடுக்காமல் கழித்துவிடலாம். தரவிதி அப்படி. எல்லா ஆய்வகத்திலும் அப்படித்தான். ஓட்டை என்றால் அது இரண்டு வகையிலும் ஏறக்குறைய சமமாக வர வேண்டும். கழிவும் சமமாக இருக்க வேண்டும்.

தொட்டிதொட்டியாகப் போய்ப் பார்த்தேன். ஒரு குச்சியைப் பிடுங்கினேன், அடுத்ததைப் பிடுங்கினேன். “ஏய், அது மிளகாய்! அதை ஏன் பிடுங்கறே?” என்று பின்னாலிருந்து சத்தம். நீலம். நீலம். நீலம். ஒழுகி மங்கிய நீலம். பொட்டில்லாத குச்சி அங்கொன்றும் இங்கொன்றும்.

நானோ துகள் பட்டைகளில் ஓட்டை மட்டும் வருவதில்லை. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டி தட்டும். எக்ஸ்ரேயில் அது வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். ‘இது கலக்கியதில் வந்த பிழை, பொருளின் பிழை இல்லை’ என்று சொல்லி அந்தப் பட்டைகளையும் கழித்துக்கொண்டே வந்திருக்கிறோம். யாரும் எப்போதும் உட்கார்ந்து முடிவு செய்யவில்லை. பழக்கமாகிவிட்டது.

அப்படியானால் இயந்திரம் வரைக்கும் போனவை எவை? கட்டி இல்லாத, ஓட்டை இல்லாத, பார்க்க லட்சணமான பட்டைகள் மட்டும். படிக்காத பிள்ளைகளைப் பரீட்சைக்கு வராதே என்று வீட்டில் நிறுத்திவிட்டு, வாசலில் ‘நூற்றுக்கு நூறு தேர்ச்சி’ என்று பலகை கட்டும் பள்ளிக்கூடம் போல.

அறுவைச் சிகிச்சை மேசையில் கழிக்க முடியாது. கட்டியோ ஓட்டையோ, கலக்கியதுதான் எலும்புக்குள் போகும்.

மே 5, திங்கள்

கழிவுப் பெட்டியில் இன்னும் வீட்டுக்குப் போகாத பட்டைகள் இருந்தன. மேசையில் கொட்டினேன். துகளிடம் சொன்னேன்: “இதையெல்லாம் ஓட்டணும்.”

“கழிச்சதையா? கழிச்சதை யாராவது சோதிப்பாங்களா? சாப்பிட்டு முடிச்ச இலையை மறுபடி விரிக்கிற மாதிரி இருக்கு.”

“உங்க பிள்ளைங்கன்னு சொன்னீங்களே. இதுங்களும் உங்க பிள்ளைங்கதான்.”

வெடுக்கென்று ஒரு பார்வை. பிறகு ஒரு பட்டையை எடுத்து எக்ஸ்ரேயோடு ஒப்பிட்டுப் பார்த்தார். இன்னொன்று.  கடைசியில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “முதல்ல எதை மாட்டலாம்?” என்றார். அந்தக் கேள்விக்காக அவருடைய ஆயிரம் ஜோக்கையும் மன்னிக்கலாம்.

பொட்டில்லாத கழிவுகளையும் ஓட்டுகிறோம். இரண்டு பக்கமும் ஒரே நியாயம்.

மே 6, செவ்வாய்

முதல் பட்டை மதியச் சாப்பாட்டுக்கு முன்பே உடைந்துவிட்டது.

மே 22, வியாழன்

முடிந்தது.

கழித்த பட்டைகளையும் கணக்கில் சேர்த்தால் இரண்டு மடங்கு என்பது இல்லை. ஒன்றரையும் இல்லை. சராசரியில் வழக்கமான சிமெண்ட்டும் எங்கள் சிமெண்ட்டும் தோளோடு தோள் நிற்கின்றன. அதைவிட மோசம் கீழ்க்கோடி. எங்கள் பட்டைகளில் பலவீனமானவை வழக்கமான பட்டைகளில் பலவீனமானவற்றைவிட முன்பே போய்விடுகின்றன. உடைந்த இடத்தை உருப்பெருக்கியில் பார்த்தோம். ஒவ்வொன்றிலும் விரிசல் ஒரு கட்டியிலிருந்துதான் கிளம்பியிருக்கிறது. பலம் கொடுக்கப் போட்ட பொருளே விதை போட்டிருக்கிறது.

மேடத்திடம் போனோம்.

“விதிப்படிதானே கழிச்சோம்?”

“ஓட்டைக்கு விதி இருக்கு மேடம். கட்டிக்கு விதி நாமளா போட்டுக்கிட்டது.”

“அடுத்த மாசம் கம்பெனிக்காரங்க வர்றாங்க. கலக்கறதைச் சரி பண்ணிட்டா கட்டி வராதுன்னு நமக்குத் தெரியும். அதுவரைக்கும்...” வாக்கியத்தை முடிக்கவில்லை. என் முகத்தில் என்ன தெரிந்ததோ. “நாளைக்குச் சொல்றேன்” என்றார்.

நாளைக்கு அவர் என்ன சொன்னாலும் நான் சொல்லவேண்டிய இடம் வேறு ஒன்று இருக்கிறது.

மே 23, வெள்ளி

மேடம் காலையில் என் மேசைக்கே வந்தார். “எல்லாத்தையும் போட்டுக் காட்டுவோம். கழிச்சது, கழிக்காதது, எல்லாம்.” அவ்வளவுதான். திரும்பிப் போனபோது தோள் கொஞ்சம் தாழ்ந்திருந்தது.

சாயங்காலம் நாத்தனாரின் அறை. கட்டிலில் சாய்ந்திருந்தார். கணவர் கதவருகே நின்றார். நான் பையிலிருந்து இரண்டு பட்டைகளை எடுத்துப் போர்வை மேல் வைத்தேன். ஒன்று பொட்டு வைத்தது, எக்ஸ்ரேயில் கட்டி தெரிந்தது. இன்னொன்று வழக்கமானது.

“உடைச்சுப் பாருங்க அண்ணி.”

“என்ன இது, சோதனைக்கு இயந்திரம் ரிப்பேரா?” பொட்டு வைத்ததை இரண்டு கையாலும் பிடித்து வளைத்தார். பிஸ்கட் போல ‘டக்’கென்று போனது. அவரே எதிர்பார்க்கவில்லை. அடுத்ததை வளைத்தார். வளைந்தது. விட்டார். மறுபடி வளைத்தார், உதட்டைக் கடித்துக்கொண்டு. உடையவில்லை.

நடந்ததைச் சொன்னேன். செடிக்குச் செருகிய குச்சிகளில் ஆரம்பித்து, நேற்றைய முடிவு வரை. ஒரு கையால் அந்த உடைந்த பாதியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“அப்ப நல்ல சிமெண்ட்டுன்னு சொன்னது?”

“எல்லாத்தையும் பாக்காம சொன்னது.”

“எனக்குப் போடறேன்னு சொன்னே.”

“போடறேன்னு சொல்லல அண்ணி. பார்க்கலாம்னு சொன்னேன்.”

“நம்ம வீட்ல பார்க்கலாம்னா என்ன அர்த்தம்?” குரல் ஏறியது. “கண்ணாடி மாத்தித் தாடான்னா உன் புருஷன் எனக்கு எத்தனை பார்க்கலாம் சொல்லியிருக்கான், அத்தனைக்கும் கண்ணாடி வந்துச்சு இல்ல? நான் நாற்காலியைத் தள்ளிக்கிட்டு நொண்டினேனே, எதுக்கு? உன் வாய்ல வந்த ஒரு வார்த்தைக்கு! அன்னிக்கே முடியாதுன்னு சொல்ல நாக்கு சுளுக்கியிருந்துதா?”

கணவர் ஏதோ சொல்ல வந்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். நாத்தனார் சொல்வது சரிதான். முழுதும் சரி.

“தப்புதான் அண்ணி. இப்ப சொல்றேன். நான் பண்ற சிமெண்ட் உங்களுக்கு வராது. நல்லா வந்தாலும் உங்களுக்கு வராது. நீங்க காத்திருக்கிற ஒவ்வொரு மாசமும் உள்ளே எலும்பு தேயுது. பழையதுலயே போட்டுக்குங்க. இப்பவே.”

நாத்தனார் வழக்கமான பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கட்டைவிரலால் தடவினார்.

“இது என் உள்ளே எத்தனை வருஷம் இருந்துச்சு?”

“பதினாலு.”

“பதினாலு வருஷம். படியேறியிருக்கேன். பஸ்ஸைத் துரத்திப் பிடிச்சிருக்கேன். ஒரு நாள்கூட இதுக்கு நன்றின்னு சொன்னதில்ல. விரிஞ்ச அன்னிலேர்ந்து திட்டிக்கிட்டே இருக்கேன்.” மூக்கை உறிஞ்சினார். பிறகு தம்பியைப் பார்த்து, பழைய நிலையக் குரலில்: “என்ன வேடிக்கை? டாக்டருக்கு லைனைப் போடு.”

உடைந்த பாதியைத் திருப்பித் தரவில்லை. தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

ஜூன் 10, செவ்வாய்

அறுவைச் சிகிச்சை. நானும் கணவரும் நடையில். எதிர்ச்சுவரில் புண்ணைச் சுத்தமாக வைத்துக்கொள்வது பற்றிய படம். அதிலுள்ள கையின் நகங்களைக்கூட எனக்கு இப்போது வரையத் தெரியும்.

உள்கதவு ஒரு தடவை திறந்து மூடியது. ஒரு செவிலியர் எதையோ எடுக்க ஓடினார். அவர் பின்னாலேயே அந்த வாடை வந்தது. என் கையில், முடியில், டிபன் பாக்ஸில் தினமும் இருக்கும் அதே வாடை. எழுந்துவிட்டேன்.

“என்ன?” என்றார் கணவர்.

“இப்ப கலக்கறாங்க.”

கூழ். மாவு. சூடு. நின்றுகொண்டே மனதுக்குள் நானும் கூடவே கலக்கிக்கொண்டிருந்தேன். யார் கலக்குகிறார்கள்? காற்றை உறிஞ்சி எடுக்கும் குடுவையில் கலக்குகிறார்களா? நிதானமாகக் கலக்குகிறார்களா? உள்ளே இருக்கும் மருத்துவர் அதை எக்ஸ்ரேயில் வைத்துப் பார்த்து வேண்டாம் என்று ஒதுக்க முடியாது. கலக்கியது கலக்கியதுதான். இத்தனை வருடம் நான் பட்டைதான் செய்துகொண்டிருந்தேன். இன்றுதான் அது போய்ச் சேரும் இடத்தின் வாசலில் நின்றேன்.

மருத்துவர் வெளியே வந்தார். நல்லபடியாக முடிந்தது. “ஆனா எலும்பு நான் நினைச்சதைவிடத் தேஞ்சிருக்கு. ஏப்ரல்ல பண்ணியிருந்தா இவ்வளவு இருந்திருக்காது. நீளமான தண்டு போட வேண்டியதாச்சு. முழு பாரம் போட்டு நடக்க நாளாகும்.”

அதை நாத்தனாரிடம் நானே சொல்லிவிடுகிறேன் என்றேன். இந்தத் தடவை வேறு சொல் எதுவும் போடாமல்.

ஜூன் 18, புதன்

நிறுவனத்துக்காரர்கள் வந்தார்கள். மேடம் எல்லாவற்றையும் காட்டினார். லட்சணமான பட்டைகளின் கோடு, எல்லாப் பட்டைகளையும் சேர்த்த கோடு, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில். மரியாதையாகக் கேட்டார்கள். பிஸ்கட் சாப்பிட்டார்கள்.

போகும்போது, “பார்க்கலாம் மேடம்” என்றார்கள்.

அவர்கள் கார் கிளம்பியதும் துகள் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. மேடம் மட்டும் சிரிக்கவில்லை. “சரி, எப்படிக் கலக்கினா கட்டி தட்டாது? அதைச் சொல்லுங்க” என்றார்.

ஜூலை 3, வியாழன்

இதுவரை நானோ துகளைப் பொடியோடு பொடியாகச் சேர்த்தோம். காய்ந்த நிலையில் அவை ஒன்றையொன்று விடாது. திரவத்தில் முதலில் கலக்கி, மனிதக் காதுக்குக் கேட்காத ஒலி அதிர்வைக் கொடுத்துக் கட்டிகளைச் சிதறடித்துவிட்டு, பிறகு பொடியில் ஊற்றலாம் என்று முடிவு.

இன்று முதல் முயற்சி. அதிர்வில் திரவம் சூடாகி, பொடியைப் பார்க்கும் முன்பே குடுவைக்குள் இறுகிவிட்டது. அதிர்வுக் கம்பியும் அதற்குள் மாட்டிக்கொண்டது. நாள் முழுதும் துகளும் நானும் கம்பியைச் சுரண்டி எடுத்தோம்.

“அம்மி மிதிக்காமயே கல்யாணம் முடிஞ்சுடுச்சு” என்றார் துகள்.

நாளைக்குப் பனிக்கட்டிக்குள் வைத்துச் செய்கிறோம். விட்டு விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக.

ஜூலை 4, வெள்ளி

பனிக்கட்டி போதவில்லை.

ஜூலை 9, புதன்

போதும். பனிக்கட்டியைக் கூட்டியதும் இறுகவில்லை. எக்ஸ்ரேயில் புள்ளி இல்லாமல் இல்லை, ஆனால் தேடவேண்டியிருக்கிறது.

இயந்திரத்துக்கு மேலே ஒரு தாள் ஒட்டினேன்: ‘வார்த்தது எல்லாம் ஓடும்.’ ஓட்டையோ கட்டியோ கோணலோ, எதையும் கழிப்பதில்லை, உடையும் வரை ஓட்டுவோம். தரவிதி அனுமதித்தாலும் இல்லை. துகள் அதைப் படித்துவிட்டு, “நல்லா இருக்கு. என் எடைக்கும் இப்படி ஒரு சட்டம் போடுங்க” என்றார்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

நாத்தனார் நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கூடத்தில் போய்வருகிறார். பாதி பாரம்தான் போடலாம். மருத்துவமனையில் எலும்பு தேய்ந்த விஷயத்தைச் சொன்னதிலிருந்து என்னோடு அளந்துதான் பேசினார். இன்று நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சட்டத்தோடு வந்து மேசைக்கு எதிரே நின்றார்.

“உன் சிமெண்ட் என்னாச்சு?”

“இப்பதான் மறுபடி மாட்டியிருக்கோம் அண்ணி. தெரியாது.”

“தெரியாதுன்னு சொல்லக் கத்துக்கிட்டியே. பரவால்ல.” சட்டத்தைத் திருப்பிக்கொண்டு போனார். பாதி வழியில் நின்று, திரும்பாமலே, “குழம்பை இன்னும் கொஞ்சம் ஊத்திக்க. காய்ஞ்சு போய் சாப்பிடறே” என்றார்.

செப்டம்பர் 12, வெள்ளி

முழுச் சுற்று முடிந்தது. எதுவும் கழிக்கவில்லை.

இரண்டு மடங்கு இல்லை. மார்ச்சில் நாங்கள் குதித்த அந்த எண்ணின் பக்கத்திலும் இல்லை. சராசரியில் வழக்கமான சிமெண்ட்டைவிடக் கொஞ்சம் மேல். கொஞ்சம்தான். ஆனால் எங்கள் பட்டைகளில் ஆக மோசமானது, வழக்கமானதில் ஆக மோசமானதைவிட அதிகமாகத் தாங்கியிருக்கிறது. உருப்பெருக்கியில் உடைந்த முகத்தைப் பார்த்தேன். விரிசல் துகள் இருக்கும் இடங்களில் வளைந்து வளைந்து, தடுமாறிப் போயிருக்கிறது. தடுக்கிவிடும் கல் போல அவை ஆங்காங்கே நின்றிருக்கின்றன.

ஆளுக்கொரு இடுப்பில் சராசரி போய் உட்காருவதில்லை. யாராவது ஒருவருக்கு அந்த ஆக மோசமானது வரும். அவருக்காகத்தான் இந்த எண்.

மேடம் அறிக்கையில் எழுதச் சொன்ன சொல்: ‘சிறிதளவு’. துகள் அதை மூன்று முறை படித்துப் பார்த்துவிட்டு, “சிறிதளவுதான். ஆனா நம்மளோடது” என்றார்.

விலங்குச் சோதனைக்கான விண்ணப்பம் எழுத ஆரம்பித்துவிட்டேன். வருடங்கள் ஆகும். ஆகட்டும்.

அக்டோபர் 7, செவ்வாய்

வேலையிலிருந்து வந்தபோது நாத்தனார் அறையில் இல்லை, பால்கனியில் இல்லை, குளியலறைக் கதவும் திறந்திருந்தது. கைத்தடி மட்டும் கதவருகே சாய்த்து வைத்திருந்தது.  கணவரின் கடைக்குப் பேசத் தொலைபேசியைக் கையில் எடுத்தேன்.

அதற்குள் வாசல் மணி. கதவைத் திறந்தால் அவர். மூச்சு வாங்கிக்கொண்டு, நெற்றியில் வியர்வை, கையில் ஒரு காகிதப் பொட்டலம்.

“எங்க போனீங்க அண்ணி? தடியைக்கூட எடுக்காம!”

“மறந்துட்டேன். முனைக்கடைக்குப் போற பாதி வழியிலதான் ஞாபகம் வந்துச்சு. திரும்பி வந்து எடுத்துட்டுப் போறதுக்குப் பதிலா போயிட்டே வந்துடலாம்னு போனேன்.” உள்ளே வந்து செருப்பைக் கழற்றினார், சுவரைப் பிடிக்காமல். பொட்டலத்தைப் பிரித்து மேசையில் கொட்டினார். தட்டையான மரக்குச்சிகள்.

“என்ன பண்றது? கத்தரி நாத்து வச்சு நாளாச்சு, பேர் எழுதக் குச்சி இல்ல. முன்னாடி எல்லாம் பொட்டலம் பொட்டலமா கொண்டாருவே. இப்ப நீ கொண்டாறது எல்லாம் உடைஞ்ச பாதி, மண்ணுல செருகினா நிக்க மாட்டேங்குது.” ஒரு குச்சியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “முழுக் குச்சி ஒண்ணுகூட மிச்சமில்லையா உங்க ஆபீஸ்ல?”

“இல்ல அண்ணி” என்றேன். “ஒண்ணுகூட இல்ல.”